எம்சிஓ காலத்தில் எடுத்த ஓடிடி சந்தாக்கள்: எது நின்றது, எது போனது

2020 மார்ச் 18-இல் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை (எம்சிஓ) தொடங்கியபோது, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சி மட்டும்தான் இருந்தது. அப்புறம் நெட்ஃபிலிக்ஸ், அமேசான் பிரைம், 2021 ஜூனில் மலேசியாவுக்கு வந்த டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் என்று ஒவ்வொன்றாக நுழைந்தன. இத்தனை வருடம் காசு கட்டிப் பார்த்ததில், எத்தனை ஆயிரம் படம் இருக்கிறது என்பது எங்களுக்குப் பெரிதாகவே படவில்லை. வேண்டாம் என்றால் உடனே நிறுத்த முடிகிறதா, வீட்டுப் பெரியவர் தானே போட்டுப் பார்க்க முடிகிறதா, இவைதான் பெரிதாகத் தெரிந்தன.

முதலில் எடுத்தது நெட்ஃபிலிக்ஸின் அப்போதைய 17 வெள்ளி (ரிங்கிட்) கைப்பேசித் திட்டம். தனியாகப் பார்க்கிறவருக்கு அது நல்ல திட்டம். ஆனால் தொலைக்காட்சியில் வராது, ஒரு நேரத்தில் ஒரு திரைதான். எல்லோரும் வீட்டிலேயே அடைந்து கிடந்த நாளில் அது போதவில்லை, மேல் திட்டத்துக்கு மாறினோம்.

இணையம் இன்னொரு தலைவலி. 2020 ஏப்ரல் 1 முதல் தினமும் 1 ஜிபி இலவச டேட்டா கிடைத்தது, உண்மையிலேயே உதவிதான். ஆனால் காலை 8 முதல் மாலை 6 வரைதான் செல்லுபடியானது. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தாலே ஏறக்குறைய அவ்வளவும் போய்விடும். குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பதோ இரவு எட்டு மணிக்கு மேல். கடைசியில் வீட்டுக்கு வை-ஃபை போட்ட பிறகுதான் நிம்மதி.

மனம் நிறைந்து பார்த்தது என்றால் அந்த வருடத் தீபாவளிதான். உறவுகளைப் பார்க்கப் போக முடியாத நேரத்தில், நவம்பர் 12-இல் 'சூரரைப் போற்று' பிரைமில் நேரடியாக வெளியானது. புதுப்படத்தை முதல் நாளே முறுக்கும் கையுமாகக் கூடத்தில் பார்த்தோம். அந்த மாதச் சந்தா முழுக்க அந்த ஒரு இரவுக்கே தகும்.

கசந்தது ஒன்றும் உண்டு. தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்துத் தந்த ஒரு சந்தாவை நிறுத்தப் போனால், செயலி தொலைபேசி நிறுவனத்தைக் கேட்கச் சொன்னது. அவர்கள் செயலியைக் கைகாட்டினார்கள். அதற்குள் அடுத்த மாதப் பணமும் போய்விட்டது. இப்படிச் சேர்த்துத் தருவதை இனி எடுப்பதாக இல்லை. மாதாமாதம் நேரடியாகக் கட்டுவதே நல்லது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. சில பாகங்கள் தொடர்ந்து ஓடியதும் 'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று ஆங்கிலத்தில் கேட்டுத் தொடர் நின்றுவிடும். "ஏம்ப்பா, டிவி கெட்டுப்போச்சா?" என்று கூப்பிடுவார். ரிமோட்டில் நடுப் பொத்தானில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். இப்போது அதை அமுக்கித் தானே பார்க்கிறார்.

திரையரங்குகள் திறந்தபின் ஓடிடியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வைத்திருக்கிறோம். பார்க்க வேண்டியது முடிந்ததும் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். ஆஸ்ட்ரோ மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் விண்மீன் அலைவரிசையில் வரும் உள்ளூர் நாடகங்களில் நம் ஊர்ப் பேச்சு இருக்கிறது, நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) இருக்கிறது. அப்படி மாதத்துக்கு ஒன்று புதிதாகத் தருகிற ஓடிடி வந்தால், வருடச் சந்தாவே கட்டத் தயார்.