பெண்கள் கம்பெனி சான்றிதழ் என்று போன் வந்தால் காசு கட்டாதீர்கள்

அமெரிக்காவில் சின்னதாகக் கம்பெனி நடத்தி, அரசு கான்ட்ராக்ட் பக்கம் போகலாமா என்று யோசிக்கும் நம் ஊர்ப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியில் எங்களுடையது ஐடி கம்பெனி. எனக்கு 51 சதவீதம், கணவருக்கு 49. ஃபெடரல் அரசு கான்ட்ராக்டுக்கு முதல் படி சாம் டாட் கவ் (SAM.gov) என்ற அரசுத் தளத்தில் கம்பெனியைப் பதிவது. பதிந்ததுமே போன் வரத் தொடங்கிவிட்டது, ஏனென்றால் அங்கே பதியும் கம்பெனிகளின் விவரம் பொதுவில் கிடைக்கும். அதில் ஒரு கன்சல்டிங் கம்பெனியின் மெயிலில் கழுகு முத்திரை, சிவப்பு எழுத்தில் ‘இறுதி அறிவிப்பு’ எல்லாம் இருந்தது. அனுப்பிய முகவரி மட்டும் அரசின் டாட் கவ் இல்லை, டாட் காம். டபிள்யூஓஎஸ்பி (WOSB) சான்றிதழ், அதாவது பெண்கள் நடத்தும் சிறு கம்பெனி என்ற சான்று வாங்கித் தருகிறோம், அதைத் தரும் அரசு சிறுதொழில் துறையான எஸ்பிஏவில் (SBA) எங்களுக்கு ஆள் இருக்கிறது என்று பேசி 2,800 டாலர் வாங்கினார்கள். ரசீதில் ‘அரசுக் கட்டணம் 600’ என்று தனியாக ஒரு வரி வேறு.

எஸ்பிஏ இதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை. சாம் பதிவும் இலவசம், வருடா வருடம் புதுப்பிப்பதும் இலவசம். எஸ்பிஏ அங்கீகரித்த சில தனியார் அமைப்புகள் கட்டணம் வாங்கிக்கொண்டு சான்று தருவது உண்மைதான். இவர்கள் அந்த வகையும் இல்லை.

காசு போனதுகூடப் பரவாயில்லை, செய்த வேலையைக் கேளுங்கள். எங்களுடையது எல்எல்சி வகைக் கம்பெனி; அதை யார் எப்படி நடத்துவது என்று நாங்கள் எழுதிவைத்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, கையிலிருந்த மாதிரி ஒன்றில் பெயரை மாற்றி விண்ணப்பத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதில், 5,000 டாலருக்கு மேல் எந்தச் செலவுக்கும் உறுப்பினர் இருவரும், அதாவது நானும் கணவரும், கையெழுத்திட வேண்டும் என்று இருக்கிறது! எஸ்பிஏ துருவித் துருவிப் பார்ப்பதே இதைத்தான். 51 சதவீதம் பேப்பரில் இருந்தால் போதாது. மிக உயர்ந்த பதவியில் அந்தப் பெண் இருக்க வேண்டும், அன்றாட நிர்வாகமும் அவர் கையில் இருக்க வேண்டும். செலவுக்குக் கணவர் கையெழுத்து வேண்டும் என்றால் யார் முதலாளி? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறுபடி போட 90 நாள் பொறுக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தச் சான்றிதழுக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், கிரீன் கார்டு செல்லாது. கிரீன் கார்டில் இருக்கும் என் தோழியிடம் அதே ஆட்கள், “நீங்களே சான்று கொடுத்துக்கொள்ளலாம் மேடம், சமாளித்துவிடலாம்” என்றிருக்கிறார்கள். அப்படித் தானே சான்று கொடுத்துக்கொள்ளும் வழி 2020 அக்டோபரிலேயே மூடப்பட்டுவிட்டது. பொய்த் தகவல் என்று பிடிபட்டால் அபராதமும் சிறையும் கையெழுத்துப் போட்டவருக்குத்தான். ஏஜென்ட் அதற்குள் போன் நம்பரை மாற்றியிருப்பார்.

உதவி வேண்டுமென்றால் அரசு கான்ட்ராக்டுக்கு வழிகாட்டும் மையமான உங்கள் பகுதி ஏபெக்ஸ் ஆக்ஸிலரேட்டரைக் (APEX Accelerator) கூப்பிடுங்கள். முன்பு பிடிஏசி (PTAC) என்ற பெயரில் இருந்ததுதான், அரசு நிதியில் நடப்பது. அங்கே ஓர் அம்மா என் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, எதை மாற்ற வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். காசு கேட்கவில்லை.

அந்தக் கன்சல்டிங் கம்பெனியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “ஒப்பந்தப்படி ரீஃபண்ட் கிடையாது” என்று ஒற்றை வரி பதில். பணத்தைத் திரும்பப் பெற கார்டு கம்பெனியில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன், மோசடிப் புகார்களை வாங்கும் அரசு அமைப்பான எஃப்டிசியிலும் (FTC) புகார் கொடுத்தாயிற்று. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ரசீதையும் மெயிலையும் அழிக்காமல் வைத்திருங்கள், புகாரில் முதலில் கேட்பது அதைத்தான்.