அம்மாவா, டே கேரா, ஓ பேரா: டெக்ஸாஸில் நாங்கள் எடுத்த முடிவு

டல்லாஸ் பக்கம் குடியிருக்கிறோம். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. நான், கணவர் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எல்லா வழியையும் முயன்றுவிட்டு, கடைசியில் கொலம்பியாவிலிருந்து ஒரு பெண்ணை ஓ பேராக வீட்டோடு வைத்துக்கொண்டோம். ஓ பேர் என்றால், வெளிநாட்டிலிருந்து வந்து நம் வீட்டிலேயே தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். ஒன்றரை வருடம் ஆகிறது. என்னைக் கேட்டால் ஓ பேர் என்றுதான் சொல்வேன்.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. அமெரிக்கக் குடியுரிமையோ க்ரீன் கார்டோ இருக்க வேண்டும்.

டே கேரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: லேசாக உடம்பு சுட்டாலே போன் வரும், மாலையில் நேரம் தாண்டினால் தண்டம் கட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நானியை இரண்டு மாதம்தான் வைத்திருந்தோம். நன்றாகவே பார்த்துக்கொண்டார், ஆனால் அந்த அனுபவம் தீர்ப்புச் சொல்லப் போதாது.

அம்மா விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்திருந்தார். ரசம் சோறு பிசைந்து ஊட்டி, கதை சொல்லித் தூங்கவைக்க அவரைப் போல யாரும் வர மாட்டார்கள். ஆனால் இங்கே காரில்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது, அவருக்கு ஓட்டத் தெரியாது. சர்க்கரை வியாதி வேறு. அவருக்கு எடுத்த காப்பீட்டில் பழைய நோய்களுக்கு இடமில்லை.

ஓ பேர் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வருகிறவர். வயது 18 முதல் 26 வரை. நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 45 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரம் ஒன்றரை நாள் ஓய்வு, மாதத்தில் ஒரு முழு சனி ஞாயிறு, தனி அறை, படிப்புக்கு வருடம் 500 டாலர் வரை, இவையெல்லாம் நம் பொறுப்பு. ஓ பேரை ஏற்பாடு செய்யும் ஏஜென்சியின் கட்டணத்தையும் சேர்த்தால் செலவு எங்களுக்கு இரண்டு பிள்ளைகளின் டே கேருக்குக் கிட்டத்தட்ட வந்தது. ஆகவே பணத்தைப் பார்த்து நாங்கள் முடிவெடுக்கவில்லை.

எல்லாமே அந்தப் பெண்ணோடு நமக்குள்ள உறவில்தான் இருக்கிறது. அதில் முதலில் தவறியது நாங்கள்தான். வந்த வாரமே பிள்ளைகள் அவளை ‘அக்கா’ என்றார்கள், நாங்களும் ‘நம்ம வீட்டுப் பொண்ணு’ என்றோம். வீட்டுப் பெண் என்று சொல்லிவிட்டால் நேரங்காலம் பார்க்கத் தோன்றாது. இரவு ஒன்பது மணிக்கு, “இவனைக் கொஞ்சம் பார்த்துக்கோம்மா.” விருந்தாளிகள் வந்த ஒரு சனிக்கிழமை, அவளுடைய ஓய்வு நாளில், எங்கள் பாத்திரங்களையெல்லாம் அவள் தேய்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வேலை தவிர வேறெதுவும் அவள் பொறுப்பு இல்லை. மாதாமாதம் பேசும் ஏஜென்சி ஒருங்கிணைப்பாளர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

வாரச் சம்பளம் குறைந்தபட்சம் 195.75 டாலர். மத்தியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25. அதை 45 மணியால் பெருக்கினால் 326.25 வரும். அதில் தங்குமிடம், சாப்பாடு என்று 40 சதவீதம் கழித்த மீதிதான் இந்த 195.75. அதாவது அறைக்கும் சோற்றுக்கும் அவள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டாள். “சாப்பாடு போட்டு வைத்திருக்கிறோமே” என்று சொல்ல நமக்கு வாயே கிடையாது. மாசசூசெட்ஸில் 2019 நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலத்தின் கூடுதல் குறைந்தபட்ச ஊதியம் கொடுக்க வேண்டும். எங்கள் மாநிலத்தில் அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் தொகையைக் கூட்டிக் கொடுக்கிறோம்.

ஒருங்கிணைப்பாளர் சொன்ன மறுநாளே ஃபிரிட்ஜ் கதவில் நேர அட்டவணை ஒட்டினோம். ஓய்வு நாளில் கார் சாவி அவள் கையில், எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. மணிக்கணக்கு வைத்தால் பாசம் போய்விடுமோ என்று பயந்தேன். நடந்தது வேறு. ஓய்வு நாளில் அவளாகவே அடுப்படிக்கு வந்து பிள்ளைகளுக்கு அவள் ஊர்ச் சோள ரொட்டியான அரேப்பா சுடக் கற்றுக்கொடுத்தாள்.

அம்மா இருந்தபோது அப்படியோர் அட்டவணையை நான் ஒட்டவே இல்லை. அவர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று யாரும் எண்ணவும் இல்லை. இனி அவர் வரும்போது பேரப்பிள்ளைகளோடு இருக்க மட்டும் வரட்டும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதையே அடித்துச் சொல்ல மாட்டேன், எங்களுக்கு அந்த அனுபவமில்லை. இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தை என்றால், அந்த வயதுக் குழந்தைகளை 200 மணி நேரமாவது பார்த்துக்கொண்ட ஓ பேராக இருக்க வேண்டும் என்பது விதி.

முதல் 12 மாதம் முடிந்ததும் 6, 9, 12 மாதம் என்று நீட்டிக்கலாம். அவள் ஒன்பது மாதம் கேட்டாள்.