ஒரு ரூபாய் என்று காட்டி ₹4,999 எடுத்துவிட்டார்கள்: பிடிஎஃப் ஆப் வைத்திருப்பவர்கள் உடனே பார்க்கவும்

₹4,999. போன வாரம் என் கணக்கிலிருந்து போன தொகை. கண்ட லிங்க்கைத் தொட்டோ, யாரிடமோ ஓடிபி சொல்லியோ போகவில்லை. பிடிஎஃப் அளவைக் குறைத்துத் தரும் ஒரு ஆப்புக்கு ஒரு ரூபாய் கட்டினேன், அவ்வளவுதான். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று நண்பர் பயமுறுத்துகிறார், அதனால் பெயர் இல்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் கிடையாது. இதே தொழிலை இதே மாதிரி செய்கிற ஆப்கள் ஸ்டோரில் வண்டி வண்டியாகக் கிடக்கின்றன. நடந்ததைச் சொல்லிவிட்டு, தப்பிக்க என்னென்ன செய்யவேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அக்கா மகனுக்குக் கல்லூரி விண்ணப்பம். கடைசி நாள் ராத்திரி. சாதிச் சான்றிதழை ஏற்றினால் 'ஃபைல் அளவு அதிகம்' என்று திரும்பத் திரும்பத் துப்புகிறது. "மாமா, சைஸைக் குறைக்க ஆப் இருக்கு மாமா" என்றான். தேடியதும் முதலில் வந்து நின்றது இதுதான். நல்ல ரேட்டிங், 'இலவசம்' என்று பட்டை வேறு.

நம்பிக்கை எங்கே வந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும், களவு முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஆப் முதலில் காசே கேட்கவில்லை. ஃபைலை வாங்கிக்கொண்டது. பச்சைக் கோடு ஒன்று ஓடி நூறைத் தொட்டது. '4.2 எம்பி இப்போது 380 கேபி, தயார்' என்றது. சான்றிதழின் முதல் பக்கம்கூடப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது. அப்பாடா, முடிந்தது என்று மூச்சு விட்ட பிறகு 'டவுன்லோட்' பட்டனைத் தொட்டால் ₹1 கேட்கிறது. அந்த ₹1 கட்டைவிரல் அகலத்துக்கு. அதற்குக் கீழே, வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு வரி: '3 நாள் சோதனைக்குப் பின் ஆண்டுக்கு ₹4,999'. பணம் போனபிறகு இன்னொருவர் ஃபோனில் அதே ஆப்பை இறக்கி, திரை வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி வைத்துத்தான் அந்த வரியைக் கண்டுபிடித்தேன். மூடுவதற்கான 'எக்ஸ்' குறி உடனே வராது, சில விநாடி கழித்து மூலையில் முளைக்கும். மறுக்கிறவர்களுக்கு வைத்திருக்கும் வாசகம் என்ன தெரியுமா? 'வேண்டாம், என் வேலை தாமதமானால் பரவாயில்லை.' ராத்திரி பதினொன்றரை மணிக்கு, விண்ணப்பம் மூடப்போகிற நேரத்தில்!

தொட்டதும் யுபிஐ ஆப்புக்குத் தாவியது. அங்கேயும் பெரிதாக ₹1. 'அதிகபட்சத் தொகை ₹15,000' என்பதையும், முடிவுத் தேதி பல பத்தாண்டுகள் தள்ளி இருப்பதையும் ஒரு அம்புக்குறிக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். யுபிஐ பின் நம்பரைப் போட்டவுடன் அது ஆட்டோபே, அதாவது ஒவ்வொரு முறையும் கேட்காமல் தானாகவே பணம் பிடிக்கும் அனுமதியாகிவிட்டது. இந்த மாதிரி சந்தாக்களில் ₹15,000 வரை ஒவ்வொரு முறையும் பின் கேட்க வேண்டியதில்லை என்று ரிசர்வ் வங்கியே விட்டிருக்கிறது. 2022-க்கு முன் இந்த வரம்பு ₹5,000. பணத்தைப் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்லவேண்டும் என்றும் விதி இருக்கிறது. சொன்னார்கள். ஆப் பெயரில் இல்லை, நான் கேள்வியே பட்டிராத ஏதோ ஒரு 'சொல்யூஷன்ஸ்' பெயரில். லோன் வேண்டுமா, ரம்மி ஆடுகிறீர்களா என்ற மெசேஜ்களுக்கு நடுவில் அது கிடந்தது. ஆப்பையோ நான் அன்றைக்கு ராத்திரியே அழித்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். ஆப்பில் ஃபோன் நம்பர் கிடையாது, சாட் மட்டும். 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது' என்று ஆரம்பித்து 'ரிஃபண்ட் கொள்கையில் இடமில்லை' என்று முடிகிறது. விடாமல் எழுதினால், மனமிரங்கி ஒரு சலுகை: என் ₹4,999 திட்டத்தில் கூடுதலாக மூன்று மாதம் இலவசமாம்! ஸ்டோர்காரர்களைக் கேட்டால், பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, ஆப்காரரைக் கேளுங்கள். யுபிஐ ஆப்பில் கேட்டால், பரிவர்த்தனை வெற்றி, வணிகரைக் கேளுங்கள். வங்கிக்கு நேரில் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "சார், பின் நீங்கதானே போட்டிருக்கீங்க?" என்றார். போட்டேன், ஒரு ரூபாய்க்கு. "அதெல்லாம் மெர்ச்சன்ட்டைக் கேளுங்க சார்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

சந்தாவை ரத்து செய்யும் வழியையும் பார்த்தேன். மெனு, கணக்கு, என் திட்டம், அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் 'தொடர்க'. அடியில் பொடி எழுத்தில் ரத்து. காரணம் சொல்லாமல் அடுத்த திரைக்குப் போகமுடியாது. கடைசியில் மின்னஞ்சலில் லிங்க் வரும், அது சீக்கிரமே காலாவதியாகும். சேருவதற்கு ஒரு தொடுகை, விலகுவதற்கு இத்தனை! இது கவனக்குறைவு இல்லை. சம்பளம் வாங்கும் ஒரு டிசைனர் உட்கார்ந்து அந்தச் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், எத்தனை பேர் கண்ணுக்குத் தப்புகிறது என்று அளந்தும் பார்த்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட சூழ்ச்சி வடிவமைப்புகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் டிசைனர் 2010-லேயே பெயர் வைத்துவிட்டார். நம் நாட்டிலும் 2023 நவம்பரில் மத்திய அரசு தரப்பில் 13 வகைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தார்கள். சந்தாப் பொறி அதில் இருக்கிறது. மறுப்பவரைக் கூச்சப்படுத்தும் வாசகமும் இருக்கிறது. அப்புறம் 2025 ஜூனில் ஆன்லைன் நிறுவனங்களைப் பார்த்து, உங்களை நீங்களே தணிக்கை செய்துகொள்ளுங்கள் என்றார்கள். திருடனிடமே சாவிக்கொத்தைக் கொடுத்து எண்ணச் சொன்ன கதை. அமெரிக்காவில் அமேசான் பிரைம் விவகாரத்தில் இதே குற்றச்சாட்டுதான்: சம்மதமில்லாமல் சேர்ப்பது, விலகவிடாமல் சுற்றவிடுவது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டு வழக்கை முடித்தார்கள். அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திரும்பப் போவது. இங்கே என் ₹4,999-க்கு மூன்று மாதம் இலவசம்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். கோபத்தில் கை ஓடவில்லை, முக்கியமானது மட்டும். இப்போதே உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, தெரியாத பெயர் எது இருந்தாலும் ரத்து செய்யுங்கள். ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. ₹1, ₹2 என்று எவன் கேட்டாலும் பின் போடுமுன் அந்த அம்புக்குறியை விரித்துப் பாருங்கள். ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்க கூகுள் டிரைவிலேயே வசதி இருக்கிறது, தனி ஆப் எதற்கு? பணம் போயிருந்தால் எல்லாத் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள். நான் பதிவு செய்தாயிற்று, புகார் எண் வந்திருக்கிறது. வங்கியில் எழுத்தில் கொடுத்து, சீல் போட்டு நகல் வாங்கவேண்டும். மேனேஜர் மதியத்துக்கு மேல்தான் இருப்பாராம், கிளம்புகிறேன்.