12 லிட்டர் என்று சொல்லி 5 லிட்டர் மாட்டைத் தலையில் கட்டுகிறார்கள்: பெங்களூரு ஓரத்தில் கறவை மாடு வாங்குவோர் கவனத்துக்கு

ஆனேக்கல், சர்ஜாபுரம், ஹொஸ்கோட்டை பக்கம் அரை ஏக்கர் வாங்கி, நாலு கோழி, ஒரு நாய், கொஞ்சம் காய்கறிப் பாத்தி என்று ஆரம்பித்து, அடுத்து ஒரு மாடு கட்டலாம் என்று நினைக்கும் நம்மவர்களுக்காக இந்தப் பதிவு.

எங்களுக்கு நடந்தது இவ்வளவுதான். தரகர் மூலமாக எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடு, 72,000 ரூபாய். சொன்ன கணக்கு: இரண்டாம் ஈத்து (இரண்டாவது முறை ஈன்றது), கன்று போட்டு 20 நாள், ஒரு நாளைக்கு 12 லிட்டர். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளிலிருந்து 5 லிட்டர், அதுவும் மூன்று காம்பில். கால்நடை மருத்துவர் மாட்டின் காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையின் எண்ணைப் பதிவேட்டில் போட்டுப் பார்த்ததில், கன்று போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. கூட வந்த கன்று வேறு மாட்டுடையது. பின்பக்க இடது காம்பில் பழைய மடிநோய். தரகர் இப்போது போனை எடுப்பதில்லை.

முதல் தந்திரம், நீங்கள் பார்க்க வரும் நாளுக்கு முன் ஒரு வேளை, சில சமயம் இரண்டு வேளை கறக்காமல் விடுவது. மடி பளபளவென்று விம்மி நிற்கும், காம்புகள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும், பால் தானாகச் சொட்டும், மாடு பின்னங்கால்களை அகட்டி நடக்கும். பார்ப்பவருக்கு அது பால் வளமாகத் தெரியும். உங்கள் முன்னால் கறந்து காட்டும் 8 லிட்டர் ஒரு வேளைப் பால் அல்ல, ஒரு நாள் முழுக்கச் சேர்த்த பால்.

இதற்கு ஒரே மருந்து, மூன்று கறவை நின்று பார்ப்பது. முதல் நாள் மாலை ஒட்டக் கறக்கச் சொல்லுங்கள். அந்தப் பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மறுநாள் காலையும் மாலையும் கறப்பதுதான் கணக்கு. வாளியில் நுரையோடு அளப்பதை ஏற்க வேண்டாம். தொங்கு தராசு கொண்டுபோய் எடை போடுங்கள். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ, ஆகவே 10 கிலோ என்றால் 9.7 லிட்டர். இரவு தங்க இடமில்லை, இன்னொருவர் அட்வான்ஸோடு காத்திருக்கிறார் என்றெல்லாம் அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடுங்கள்.

கறந்து முடித்த மடியைக் கையால் பிடித்துப் பாருங்கள். நல்ல மடி துவைத்துப் போட்ட துணி மாதிரி சுருங்கித் தொங்கும். கறந்த பிறகும் கெட்டியாகவே இருந்தால், விரலால் அழுத்துங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் கன்று போட்ட புதிதில் வரும் நீர்வீக்கம், அது வடிந்துவிடும். குழி விழாமல் உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் மடிநோய் தின்ற இடம். அந்தப் பக்கம் பழைய அளவுக்குப் பால் தராது.

கறக்குமுன் பாலுக்காகப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி விஷயத்தில் பலருக்கும் தவறான புரிதல் இருக்கிறது. அது பாலை உண்டாக்காது, மடியில் இருப்பதை இறக்கிவிடும், அவ்வளவுதான். ஊசிக்குப் பழகிய மாடு அது இல்லாமல் பால் இறக்காது. சாதாரண மாட்டுக்குக் காம்பைக் கழுவி, கன்றை ஊட்ட விட்டால் ஓரிரு நிமிடத்தில் பால் இறங்கிவிடும். கறக்குமுன் யாராவது மாட்டின் கழுத்துப் பக்கம் போய்வந்தால் கவனியுங்கள். கழுத்திலும், வயிற்றடியில் மடிவரை ஓடும் பால் நரம்பிலும் ஊசித் தழும்பு, சிறு முடிச்சு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மாட்டுக்குக் கேடு தரும்படி பாலுக்காக ஊசி போடுவது 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ம் பிரிவில் குற்றம்.

கன்றை மாட்டிடம் விட்டுப் பாருங்கள். தன் கன்றென்றால் முகர்ந்து நக்கும். இரவல் கன்றை முகர்ந்ததும் உதைக்கும், முட்டும். எங்கள் மாடு உதைத்தது. பயணக் களைப்பு என்றார் தரகர், நாங்களும் நம்பினோம். இளங்கன்றைக் காட்டுவதன் காரணம் எளிது. கலப்பு மாடு கன்று போட்ட ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். கறவைக் காலம் சுமார் 305 நாள். கடைசிக் கட்ட மாட்டைப் புதுக் கறவை விலைக்கு விற்க ஒரு கன்று போதும்.

மடிநோய்க்கு நாலு காம்பையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். முதல் மூன்று பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விடுங்கள். மடிநோய் இருந்தால் திரி, செதில், நீர்த்த பால் தெரியும். வெளியே தெரியாத மடிநோய்க்கு, 100 மில்லி நீரில் 3 கிராம் துணி துவைக்கும் சோப்புத்தூள் கரைத்து, பாலும் கரைசலும் சம அளவு ஊற்றிச் சுழற்றுங்கள். கஞ்சி மாதிரி குழகுழத்தால் அந்தக் காம்பு சரியில்லை.

வயதுக்குக் கீழ்த்தாடையைப் பாருங்கள். இரண்டு வயதையொட்டி முதல் ஜோடி நிலைப்பல், நாலு, ஐந்து வயதுக்குள் எட்டுப் பல்லும். பல் தேய்ந்து இடைவெளி விழுந்த மாடு இரண்டாம் ஈத்தாக இருக்காது. வயதைக் காட்டும் கொம்பு வளையங்களை அரம் போட்டு ராவி எண்ணெய் தடவியிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். பேச்சு கன்னடத்தில் நடந்தால் சூலு என்றால் ஈத்து, கப்பா என்றால் சினை. சினை என்று சொல்லி விலை ஏற்றினால், மருத்துவர் உள்ளே கையை விட்டுச் சோதித்துச் சொன்ன பிறகே பணம்.

காதுவில்லையின் 12 இலக்க எண்ணை வாங்குமுன் படம் எடுத்து அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். சினை ஊசி, கன்று போட்ட தேதி, கோமாரித் தடுப்பூசி பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான். வில்லை விழுந்துவிட்டது என்று கிழிந்த காதைக் காட்டினால் அந்த மாடே வேண்டாம். வில்லை இல்லாமல் காப்பீடும் கிடைக்காது. ஹெப்பாளில் உள்ள அரசு கால்நடை நோய் ஆய்வகத்தில் புரூசெல்லா (கன்று வீச்சு நோய்) ரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவரிடம் கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும். நாய் வளர்ப்பவர்கள் நஞ்சுக்கொடியை ஆழமாகப் புதைக்க வேண்டும். நாய் தின்றால் அதற்கும் வரும்.

இடம் மாறினால் பால் குறையும் என்பார்கள். உண்மைதான், ஒரு வாரம், பத்து நாள் குறையும், பிறகு ஏறும். பாதிக்கும் கீழே போய் அங்கேயே நிற்காது. பழைய தீவனத்தில் பத்து நாளுக்கு வாங்கி வந்து, புதியதோடு கலந்து மாற்றுங்கள். வில்லை எண், கன்று போட்ட தேதி, நாலு காம்பும் வேலை செய்கிறது, எடை போட்ட பால், ஏழு நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வது, இவ்வளவும் தாளில் எழுதி, தரகர் அல்ல, மாட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள், கெட்ட காம்பைக் கடைசியில் கறந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தப் பாலைத் தொழுவத் தரையில் பீய்ச்ச வேண்டாம், நாய்க்கும் ஊற்ற வேண்டாம். மாடு சினையாக இருந்தால், கன்று போட 60 நாள் இருக்கும்போது பால் வற்ற விட்டு, மருத்துவரிடம் சொல்லி நாலு காம்புக்கும் வற்றுக்கால மருந்து ஏற்றச் செய்யுங்கள்.