ஒரே ஒரு சொல்லில் தோற்றுப்போன அகராதிச் செயலி

பாடநூல் மொழிபெயர்ப்புக்காக ஓர் ஆங்கில–தமிழ் அகராதிச் செயலியை எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். சட்டென்று திறக்கிறது, இணையம் இல்லாமலும் இயங்குகிறது, எழுத்து கண்ணை உறுத்துவதில்லை. அன்றாட வாசிப்புக்குத் தாராளமாகப் போதும். ஆனால் 'டொமெஸ்டிகேட்' என்ற சொல்லில் அது என்னை நட்டாற்றில் விட்டது.

வேளாண்மையின் தொடக்கம் பற்றிய பாடம் அது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் மனிதர்கள் கோதுமையை டொமெஸ்டிகேட் செய்தார்கள் என்பது வாக்கியம். செயலியில் தேடினால் 'அடக்கு, பழக்கு, வசப்படுத்து' என்று வந்தது. எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றுகூட இல்லை. கோதுமையை அடக்கினார்கள் என்று பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு எப்படி எழுதுவது?

சந்தேகம் வந்து 'டேம்' என்ற சொல்லையும் தேடினேன். அதே மூன்று சொற்கள், அதே வரிசையில். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் இவை இரண்டும் ஒன்றல்ல. டேம் என்பது ஒரு விலங்கின் வாழ்நாளுக்குள் முடிந்துவிடும். காட்டில் பிடித்த யானையைப் பழக்கலாம், பாகன் சொல்லுக்கு அது கட்டுப்படும். ஆனால் அதற்குப் பிறக்கும் கன்றை முதலிலிருந்துதான் பழக்க வேண்டும். டொமெஸ்டிகேட் என்பதோ பல தலைமுறைகளில் ஓர் இனமே மாறிப்போவது.

அந்தக் கோதுமையையே பாருங்கள். காட்டுக் கோதுமையின் கதிர் முற்றியதும் மணிகள் தாமாகவே உதிர்ந்து மண்ணில் சிதறிவிடும். எங்கோ சில செடிகளில் மட்டும் மணி உதிராமல் கதிரிலேயே நின்றது. அறுத்தவர் கையில் பெரும்பாலும் அவையே சேர்ந்தன, மறுபடி விதைக்கப்பட்டதும் அவையே. இப்படியே காலம் செல்லச் செல்ல, மனிதர் அறுத்து விதைக்காவிட்டால் தானாகப் பரவ முடியாத பயிராக அது மாறியது. இதில் அடக்கியவர் யார், அடங்கியது எது?

விலங்குகளிலும் இப்படித்தான். 1959-இல் சோவியத் அறிவியலாளர் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய ஆய்வில், மனிதரைக் கண்டு அதிகம் மிரளாத நரிகளை மட்டுமே தேர்ந்து இனப்பெருக்கம் செய்தார்கள். சில தலைமுறைகளில் நரிகள் மனிதரைப் பார்த்து வாலாட்டின. சிலவற்றுக்குக் காதுகூட நாய்க்குட்டியைப் போல மடிந்து தொங்கியது.

'ஃபெரல்' என்ற சொல்லுக்கும் செயலி 'காட்டு' என்றே பொருள் தருகிறது. மனிதரிடம் வளர்ந்த இனம் மீண்டும் காட்டு வாழ்வுக்குத் திரும்புவதைக் குறிக்கும் சொல் அது. அந்தத் திரும்புதல்தான் அதன் உயிர். டொமெஸ்டிகேட்டின் மற்றப் பயன்பாடுகளைப் பற்றியும் மூச்சில்லை. வீட்டு வேலைகளில் விருப்பத்தோடு ஒன்றிப்போன ஒருவரையும் ஆங்கிலத்தில் 'டொமெஸ்டிகேட்டட்' என்பார்கள்; அங்கே 'அடக்கப்பட்டவர்' என்று எழுதினால் வசவாகிவிடும். அயல்மொழிப் படைப்பை நம் வாசகருக்கு இசைவாக மாற்றுவதையும் மொழிபெயர்ப்பியலில் இதே சொல்லால் குறிக்கிறார்கள். வீடு என்று பொருள்படும் 'டோமுஸ்' என்ற லத்தீன் வேரைக் காட்டியிருந்தாலே இவ்வளவும் விளங்கியிருக்கும்.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. தமிழில் இந்த வேறுபாடு முன்பே இருக்கிறது. யானையைப் பழக்குகிறோம், ஆட்டை வளர்க்கிறோம். பழக்கிய யானை, வளர்ப்பு ஆடு. ஆட்டைப் பழக்குகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. பேச்சில் கிடக்கும் இதை எடுத்துப் பதிவில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

செயலியின் திருத்தப் படிவத்தில் இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். நன்றி என்று தானியங்கிப் பதில் வந்தது. இரண்டு மாதமாகியும் பதிவு மாறவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். மொழிபெயர்ப்பாளர்களும் ஆசிரியர்களும் இதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம். என் பாடத்தில், 'காட்டில் விளைந்த கோதுமையை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்ப்புப் பயிராக்கினார்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.