ஒரே சட்டியில் கோழிச்சோறு: கீரிச் சம்பாவா, பாஸ்மதியா?

திருகோணமலைக் கடைகளில் இரண்டும் விற்பார்கள். பாஸ்மதிக்கு விலை கூட; சோறு நீளமாய், உதிரியாய் வரும். கீரிச் சம்பா குறுமணி, தனி மணம். எலும்போடு கோழி போட்டு ஒரே சட்டியில் இறக்குவதென்றால் என் தெரிவு கீரிச் சம்பாதான். ருசியை விட நேரக்கணக்குத்தான் காரணம்.

எலும்புள்ள புரொயிலர் துண்டு, வதக்கிய பிறகும் அரை மணித்தியாலம் மட்டில் அவிய வேண்டும். கீரிச் சம்பா புழுங்கல் அரிசி. மெல்லிய நெருப்பில் 20-25 நிமிடம், நெருப்பை நிறுத்தி மூடியபடி இன்னும் 10 நிமிடம். இறைச்சியும் சோறும் சேர்ந்தே பதமாகும். ஊறிய பாஸ்மதிக்கோ 12-15 நிமிடம் போதும். அதனால் கோழியை முதலில் கால் மணித்தியாலம் தனியாக அவிய விடவேண்டும். அதற்குள் இறைச்சி விட்ட நீர் எவ்வளவு, வற்றியது எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. வடித்து அளந்தால்தான் சரிவரும். அப்போது இரண்டாவது பாத்திரம் வந்துவிடும். அளக்காமல் அரிசியைப் போட்டால் ஒன்றில் களி, அல்லது நடுவில் வேகாத நறுக்கரிசி.

நான்கு பேருக்கு கீரிச் சம்பா 2 சுண்டு (சுண்டு என்பது அரிசி அளக்கும் சிறு பேணி), கோழி 750 கிராம். அரிசியைக் கல் போக அரித்துக் கழுவி, நன்றாக நீர் வடிய விடுங்கள். அடி கனத்த அகலச் சட்டியில் வெங்காயம், கறுவா, ஏலம், கராம்பு, றம்பை இலை தாளித்து, கறித்தூளும் உப்பும் பிரட்டிய கோழியை 8 நிமிடம் வதக்குங்கள். பிறகு அரிசி. வழக்கமான 4 சுண்டு நீருக்குப் பதில் மூன்றரை. மிச்சத்தைக் கோழியே விடும். அதில் ஒரு சுண்டு இரண்டாம் தேங்காய்ப்பாலாக இருக்கலாம். முதற்பாலை ஆரம்பத்தில் விட்டால் அடிப்பிடிக்கும். அரைக் கோப்பையை இறக்குவதற்கு 5 நிமிடம் முன் மேலே ஊற்றுங்கள். கொதிக்கும் நீரில் உப்பு சற்றுத் தூக்கலாகத் தெரியவேண்டும், சோறு இழுத்துவிடும். மூடிய பிறகு கிளறவே கூடாது. புது அரிசிக்கு நீர் இன்னும் குறையும். எவ்வளவு என்பது மூட்டைக்கு மூட்டை மாறும்.

எலும்பில்லாத நெஞ்சுத் துண்டென்றால் கதை வேறு. கீரிச் சம்பா வேகும் நேரத்தில் அது நார்நாராய்க் காய்ந்துபோகும். அதற்குப் பாஸ்மதிதான் பொருத்தம், 2 சுண்டுக்கு இரண்டரைச் சுண்டு நீர். ஊர்க்கோழியை இரண்டு அரிசியோடும் இப்படி ஒன்றாக அவித்தால் சரிவராது. அதை முதலில் தனியாக அவித்தெடுத்து, அவித்த நீரை அளந்தே அரிசிக்கு விடவேண்டும்.