பேரிகேடா, டைமென்ஷனா? டெக்சஸ் லானில் களை முளைக்கும் முன் போடும் மருந்து

டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோ, பிளேனோ, கொப்பெல் என்று வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் பொங்கல் முடிந்ததும் கேட்க ஆரம்பிக்கும் கேள்வி இது: களை வருவதற்கு முன்னாலேயே லானில் போட வேண்டிய மருந்து எது? கடையில் அலமாரி முழுக்க மூட்டைகள். எல்லா மூட்டையிலும் அதே பச்சைப் புல் படம். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அதுதான் விஷயம். வீட்டு லானுக்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள்தான் கண்ணில் படும்: பேரிகேட் என்று விற்கும் புரோடயமின், டைமென்ஷன் என்று விற்கும் டித்தியோபைர், ஸ்காட்ஸ் ஹால்ட்ஸில் இருக்கும் பெண்டிமெத்தலின். நான் புரோடயமின் கட்சி. அதனால் கீழே அதற்குத்தான் இடம் அதிகம்.

என் லான் பெர்முடா புல், அதாவது நம் அருகம்புல் வகை. நாள் முழுக்க வெயில், அடியில் கோவில்பட்டிப் பக்கம் போல வெடிக்கும் கரிசல் மண். மரநிழலில் செயின்ட் அகஸ்டின் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்தப் புல்லை நான் வளர்த்ததில்லை.

இந்த மருந்துகள் விதையைக் கொல்வதில்லை. விதை முளைக்கும், ஆனால் வேர் நுனியில் செல் பிரிவது நின்றுவிடும். டிரைவ்வேயின் கான்கிரீட் ஓரம் சீக்கிரம் சூடாகும், கோடைக் களைப்புல்லான கிராப்கிராஸ் முதலில் எட்டிப் பார்க்கும் இடம் அதுதான். மருந்து பட்ட நாற்று ஒன்றை அங்கே கிள்ளி எடுத்துப் பார்த்தால், வேர் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த மொட்டை முனை ஒன்று இருக்கும். இலை ஓரிரண்டு நாள் பச்சையாக நின்று வாடிவிடும். ஆகவே ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் களைக்கு இது எந்த வேலையும் செய்யாது. கிழங்கிலிருந்து கிளம்பும் கோரைக்கும் இந்த மூன்றில் எதுவும் உதவாது, அதற்கு மருந்தே வேறு.

பெண்டிமெத்தலினைச் சட்டென்று தாண்டிவிடலாம். ஊரில் பருத்தி, வெங்காயம் போடும் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமான மருந்துதான், விதைத்த மூன்றாம் நாள் அடிப்பார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மூன்றில் சீக்கிரம் தீர்ந்துபோவது இதுதான். மஞ்சள் கறையும் பிடிக்கும்.

இயற்கை வழி வேண்டும் என்பவர்கள் மக்காச்சோள குளூட்டன் தூளைச் சொல்வார்கள். அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் நிக் கிறிஸ்டியன்ஸ் கண்டுபிடித்து 1991-ல் காப்புரிமை பெற்றது. கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது, லானில் போடக் கணக்குப் பார்த்தால்தான் சிக்கல். ஆயிரம் சதுர அடிக்கு 20 பவுண்டு என்றால் ஐயாயிரம் சதுர அடிக்கு 100 பவுண்டு சுமக்க வேண்டும். அதில் பத்து சதவீதத்துக்குக் கிட்ட நைட்ரஜன், பெர்முடா தூங்கும் பிப்ரவரியில் அதைச் சாப்பிடப் போவது குளிர்காலக் களைகள். விதை முளைத்த பிறகு மண் சில நாள் காய்ந்தால்தான் இது பலிக்கும், நம் பக்கம் வசந்த மழை அதற்கு இடம் கொடுப்பதில்லை.

மிச்சம் இருப்பது பேரிகேடும் டைமென்ஷனும். இரண்டும் நல்ல மருந்துகள். விலை, மணம், எந்தெந்தக் களையை நிறுத்தும் என்று பட்டியல் போட்டு ஒப்பிடலாம், ஆனால் அந்தப் பட்டியலில் பெரிய வித்தியாசம் வராது. கிராப்கிராஸ் இரண்டுக்கும் அடங்கும். கேழ்வரகின் காட்டு உறவான கூஸ்கிராஸ் இரண்டுக்குமே கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தேர்வைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: தேதி.

கிராப்கிராஸ் விதை காலண்டர் பார்ப்பதில்லை. மேல்மண்ணின் வெப்பம் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டு நான்கைந்து நாள் அங்கேயே நின்றால் முளைக்கத் தொடங்கும். அதற்கு முன்பே மருந்து மண்ணில் இருக்க வேண்டும். மருந்து போட்டால் மட்டும் போதாது, அரை அங்குலத் தண்ணீர் இறங்கி அதை மண்ணோடு சேர்க்க வேண்டும். டாலஸ் பகுதியின் தோட்டக்கலை எழுத்தாளர் நீல் ஸ்பெரி வருடா வருடம் சொல்லும் கணக்கு மார்ச் தொடக்கத்தில் ஒருமுறை, 90 நாள் கழித்து இன்னொருமுறை. சராசரி ஆண்டுக்குச் சரியான கணக்கு. ஆனால் இங்கே எந்த ஆண்டு சராசரி? பிப்ரவரி நடுவில் ஒரு வாரம் எண்பது டிகிரி அடிக்கும், அடுத்த வாரம் குழாய் உறையும். 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 ஃபாரன்ஹீட் பதிவானது. சில ஆண்டுகளில் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலேயே மண் சூடாகிவிடுகிறது.

புரோடயமின் எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். அது தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது, மண்ணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்காரும். அதைச் சிதைப்பது பெரும்பாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள், குளிரில் அவை மந்தமாக இருக்கும். அதனால் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ போட்டாலும் பெரிய இழப்பில்லை, மண் சூடாகும்போது மருந்து காத்திருக்கும். அந்த இடைவெளியில் எப்படியும் ஒரு மழை பெய்துவிடும், ஸ்ப்ரிங்க்ளரை எந்தக் கிழமை திறக்கலாம் என்று ஊர் விதியைத் தேடவும் வேண்டாம். பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, தமிழ்ப் பள்ளி, அபிஷேகம் என்று சனி ஞாயிறு பறிபோகும் வீட்டில், எந்த வாரம் தோதோ அந்த வாரம் போடலாம் என்பது சின்ன விஷயமில்லை.

டித்தியோபைரின் ஆயுள் குறைவு, மூன்று நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஜனவரியில் போடுவது காசை மண்ணில் போடுவது. ஆனால் அதற்கு வேறொரு வித்தை தெரியும்: அப்போதுதான் தலைகாட்டிய கிராப்கிராஸையும் அது கொல்லும். தூர் கட்டாத இளநாற்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். புரோடயமினுக்கு இது வராது. ஆக, முன்கூட்டிப் போடுகிறவருக்குப் பேரிகேட், தாமதமாகப் போடுகிறவருக்கு டைமென்ஷன். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும். மார்ச் கடைசியில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் பேரிகேடை மறந்துவிட்டு நேராக டைமென்ஷன் வாங்குங்கள். டெக்சஸின் போனம் என்ற ஊரிலிருந்து வரும் ஹை-யீல்டு கம்பெனியின் டைமென்ஷன் குருணை உள்ளூர் நர்சரிகளில் கிடைக்கும்.

லான் சர்வீஸ்காரர்களிடம் விடலாமே என்பீர்கள். அவர்களும் பெரும்பாலும் இதே மருந்துகளைத்தான் அடிக்கிறார்கள். ஆனால் அவர்கள் வண்டி வரும் தேதி அவர்களுடைய தேதி. எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு நிறுவனம் மார்ச் பாதி தாண்டி, கான்கிரீட் ஓரமெல்லாம் கிராப்கிராஸ் பிடித்த பிறகு வந்து மஞ்சளாகத் தெளித்து, சின்னக் கொடி ஒன்றை நட்டுவிட்டுப் போனது. அந்தக் கோடையில் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்.ஓ.ஏ.விடமிருந்து வந்த கடிதம் மட்டும் என் பெயருக்குத்தான்.

காசுக் கணக்கிலும் புரோடயமின் முந்துகிறது, ஆனால் கொஞ்சம் வேலை வாங்கும். தண்ணீரில் கலக்கும் 65 சதவீத மணித்தூள் ஐந்து பவுண்டு டப்பாவாக வரும். பெர்முடாவுக்கு லேபிள் அனுமதிக்கும் ஆண்டு உச்சம் ஏக்கருக்கு 2.3 பவுண்டு, அதாவது ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் 24 கிராம். ஐயாயிரம் சதுர அடி லானில் உச்ச அளவே போட்டாலும் அந்த டப்பா 18 ஆண்டுக்கு வரும். மடியில் இருக்கும் பிள்ளை கல்லூரி போகும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்ச அளவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதுதான் முறை: ஆயிரம் சதுர அடிக்கு பிப்ரவரியில் 8 கிராம், மே கடைசியில் 6, செப்டம்பர் தொடக்கத்தில் 8. இவ்வளவு சின்ன அளவை நிறுக்க மின்தராசு வேண்டும், அதை அடுப்படிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. முதலில் ஒரு குவளைத் தண்ணீரில் நன்றாகக் குழைத்துவிட்டு ஸ்பிரேயரில் ஊற்ற வேண்டும். நடுநடுவே குலுக்காவிட்டால் அடியில் மஞ்சள் வண்டலாகத் தங்கிவிடும். கான்கிரீட்டில் பட்டால் உடனே கழுவ வேண்டும், தெளிக்கப் போடும் செருப்போடு வீட்டுக்குள் வரக் கூடாது.

இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்றால் புரோடயமினிலும் குருணை இருக்கிறது. ஸ்ப்ரெடரில் பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தள்ளினால் போதும். விலை அதிகம், நிம்மதியும் அதிகம். சாலைக்குத் தெறித்த குருணையை மட்டும் பெருக்கி லானுக்குள் தள்ளிவிடுங்கள். இது மீன்களுக்கு நஞ்சு, மழைநீர் வடிகால் நேரே ஓடைக்குத்தான் போகிறது.

நீடித்து நிற்கிறது என்ற அதே குணத்துக்கு விலையும் உண்டு. முதலாவது, மண் பல மாதம் பூட்டப்பட்டுவிடும். குளிர்காலப் பச்சைக்கு ரைகிராஸ் தூவுவதாக இருந்தால், போட்ட அளவைப் பொறுத்து லேபிள் சொல்லும் இடைவெளி நான்கு மாதத்திலிருந்து ஓர் ஆண்டு வரை போகும். லானில் ஒரு பகுதியைக் கொத்தி வெண்டையும் முளைக்கீரையும் போடும் யோசனை இருந்தால் அந்தப் பகுதியில் தெளிக்கவே கூடாது, பக்கத்துப் பாத்திக்கும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். கீரை விதைக்கும் கிராப்கிராஸ் விதைக்கும் இந்த மருந்துக்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது, சொட்டை விழுந்த லான். பெர்முடா கொடி ஓட்டித்தான் பரவும், கணுவுக்குக் கணு வேர் இறங்க வேண்டும். மருந்து இருக்கும் மேல்மண்ணில் அந்த வேரும் மொட்டையாகிவிடும். டைமென்ஷனும் இதையேதான் செய்யும், ஆனால் சீக்கிரம் வடிந்துவிடும். புது வீட்டில் பில்டர் போட்டுக்கொடுத்த மெல்லிய புல், நடுவே களிமண் தெரிகிறது என்றால் முதல் ஆண்டு களையைக் கையால் பிடுங்கிப் புல்லை அடர்த்தியாக்குவதே நல்லது. வேரைத் தடுக்காத ஆக்சடயசோன் என்ற மருந்தும் உண்டு, ஆனால் அதன் லேபிள் வீட்டு லானுக்கு அனுமதிப்பதில்லை. நான் அதைப் பயன்படுத்தியதில்லை.

மூன்றாவது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் புரோடயமினை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்னும் சி பிரிவில் வைத்திருக்கிறது. பெண்டிமெத்தலினும் அதே பிரிவுதான். எலிகளின் தைராய்டு கட்டிகளை வைத்துப் போட்ட வகைப்பாடு இது. தவழும் குழந்தை புல்லில் விளையாடும் வீடு என்றால் இதையும் கணக்கில் வையுங்கள். தெளித்துக் காயும் வரை எங்கள் வீட்டில் யாரும் லானில் கால் வைப்பதில்லை. வாரக்கணக்கில் விலக்கி வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை, ஆனால் நான் மருத்துவன் இல்லை.

மூட்டையில் உரமும் சேர்ந்து வரும் வகையை பிப்ரவரியில் வாங்க வேண்டாம், அது எந்த மருந்தாக இருந்தாலும் சரி. பெர்முடா ஏப்ரலில் பச்சை பிடித்த பிறகு உரம் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், பலர் மறப்பது இலையுதிர்காலச் சுற்று. பழுத்துக் காய்ந்த பெர்முடாவுக்கு நடுவே ஜனவரியில் வெளிர்பச்சைத் திட்டுகளாகத் தெரியும் போவா ஆனுவா என்ற குளிர்காலக் களைப்புல், மண் வெப்பம் 70 டிகிரிக்கு இறங்கும்போதே முளைக்கத் தொடங்கிவிடும். ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் முதல் வாரத்துக்கும் நடுவே மருந்து போய்ச் சேர வேண்டும். இங்கே பேரிகேடுக்கு ஒரு பின்னடைவு உண்டு. தென் மாநிலங்களின் கோல்ஃப் மைதானங்களில் புரோடயமினுக்கு அடங்காத போவா வந்திருக்கிறது. ஒரு வருடம் பேரிகேட், மறு வருடம் டைமென்ஷன் என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேரை ஒரே வழியில்தான் தடுக்கின்றன, அதனால் மாற்றிப் போடுவதில் பலனில்லை. வேறு வழியில் வேலை செய்யும் இன்டாசிஃப்ளாம் விலை கூடியது, சாதாரணக் கடைகளில் கண்ணில் படுவதும் அபூர்வம். வீட்டு லானில் அங்கங்கே நாலு திட்டுதான் என்றால், வெள்ளைக் கதிர் தள்ளுவதற்கு முன்னால் கையால் பெயர்த்துக் குப்பைப் பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.